இருபத்தேழு என்று சொன்னேன்

எங்கள் கம்பியூட்டர் பகுதியில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் போன மாசம் வீடு தேடி வந்தார்கள். பழைய நம்பர்கள் உலகம் முழுக்கத் தீர்ந்துவிட்டதாம். இனி எல்லா மெஷினுக்கும் நீளமான புது நம்பர் போடப் போகிறார்களாம். அதற்காக ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். "முதல் நம்பர் வாங்கினப்ப இருந்தவங்கள்ல கைக்கு எட்டின தூரத்துல இருக்கிறது நீங்க மட்டும்தான், பாக்கியம்மா. எழுதித் தாங்க" என்றார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பும் இல்லை. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் பார்த்த கணக்கை இன்னொருத்தர் எழுதுவது எனக்குப் பிடிக்காது. பதினோரு நாளாக நானே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் தொடாதீர்கள்.

நான் பிறந்தது கடுகண்ணாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். பதினாலு வயசில் கொழுந்தெடுக்கப் போனேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்குப்பிள்ளை வாயால் சொல்லுகிற எடையை நான் ஒரு நாளும் அப்படியே வாங்கிக்கொண்டது கிடையாது. கரிக்கட்டியால் முன்கையில் கோடு போட்டு வைத்திருப்பேன். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. அவர் குறைத்துச் சொன்னால் கையை நீட்டுவேன். பிறகு கலவரம் வந்தது, நாங்கள் குடியிருந்த லயம் எரிந்தது, கண்டிக்கு இறங்கினோம். வீட்டுக்காரர் குட்செட் பக்கம் மூட்டை தூக்கினார். நான் தையல் மெஷின் மிதித்தேன். ஒரு ஆள் சொல்லி, ஊருக்கு வெளியே இருக்கிற கம்பஸில், பல்கலைக்கழகத்தில், துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். இதெல்லாம் நடந்து முடிய ஒன்பது வருஷம். இங்கே இவ்வளவு போதும்.

கம்பியூட்டர் பகுதிக்கு என்னை எடுத்தது கூட்டிப் பெருக்க அல்ல, உறை தைக்க. அப்போதெல்லாம் மெஷினை அப்படிப் பார்த்துக்கொண்டார்கள். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் திரைக்கு ஒரு உறை, பெட்டிக்கு ஒரு உறை, தட்டுகிற பலகைக்கு ஒரு உறை. திரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. நான் நூலால் அளந்து தைப்பேன். ஒரு மெஷினுக்குத் தைத்து முடித்தால் என் கணக்குக் கொப்பியில் ஒரு கோடு. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, பதினாலாவது நாள், எல்லாவற்றையும் கழற்றித் துவைப்பேன். எந்த உறையின் முன் ஓரத்தில் கை அழுக்குப் படிந்திருக்கிறதோ அந்த மெஷினில் ஆள் வேலை செய்கிறார். எந்த உறையின் மடிப்பு கலையாமல் தூசி மட்டும் இருக்கிறதோ அது சும்மா கிடக்கிறது. இதைப் பேராசிரியர்மார் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எங்கள் டிரெக்டர் சேர் கண்டிச் சிங்களவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு தாளை வாசிக்கும்போது உட்காரவே மாட்டார். கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டு வாசிப்பார். சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளிக்கு யாராவது பதில் கொண்டுவரும் வரை தாள் அவர் மேசையை விட்டு நகராது. எங்களிடம் ஒரு வேலை சொன்னால், "இப்ப நான் என்ன சொன்னேன்?" என்று கேட்பார். திருப்பிச் சொன்னால்தான் அனுப்புவார். அவர் பேசியது சிங்களம், நான் பதில் சொன்னதும் சிங்களம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அங்கே டெக்னிக்கல் ஒபிஸராக இருந்தவர் நாதன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வயசு முப்பதுக்குள் இருக்கும். வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற கொந்தராத்து வேலை. வடக்கிலிருந்து வந்த ஆள் கண்டியில் ஒரு போர்டிங்கில் தங்குவதென்றால் அந்த யுத்த காலத்தில் பொலிஸில் பதிய வேண்டும். ஏன் இங்கே இருக்கிறார் என்பதற்கு வேலை செய்கிற இடத்தின் சீல் வைத்த கடிதம் வேண்டும். கொந்தராத்து எந்தத் திகதி வரையோ கடிதமும் அந்தத் திகதி வரைதான். அது முடிந்த மறுநாள், கேட்டால் காட்ட அவரிடம் ஒன்றும் இருக்காது.

அந்த வருஷம் அவருடைய கொந்தராத்து மாசக் கடைசியில் முடிய இருந்தது. கம்பஸின் பதிவாளர் கந்தோரில், கடிதத்துக்குச் சீல் வைக்கிற ஒபிஸில், தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து நம்பர் வந்தால் இன்னொரு வருஷம். வராவிட்டால் அவருக்கு இங்கே வேலை இல்லை, கடிதமும் இல்லை.

நம்பர் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதுவரை எங்களிடம் வெளியே பேசக்கூடிய மெஷின் ஒன்றுதான் இருந்தது. நாதன் பின்னேரம் அதிலிருந்து கொழும்புக்கு டெலிபோன் எடுப்பார், அது கீச்சிட்டுக் கத்தும், எல்லோருடைய கடிதமும் மூட்டையாகப் போகும், மூட்டையாக வரும். அப்படி இல்லாமல் ஒவ்வொரு மெஷினும் தானாக வெளியே பேச வேண்டுமென்றால், உலகத்தில் வேறு எந்த மெஷினுக்கும் இல்லாத ஒரு நம்பர் அதற்கு வேண்டும். அந்த நம்பர்களைக் கட்டுக் கட்டாகக் கொடுக்கிற ஒபிஸ் கடல் தாண்டி இருந்தது. ஒரு படிவம் அனுப்பினார்கள். இப்போது எத்தனை மெஷின், ஆறு மாசத்தில் எத்தனை, ஒரு வருஷத்தில் எத்தனை, எந்தக் கட்டடம், என்ன உபயோகம்.

"ஏன் தம்பி அவங்களுக்கு இவ்வளவு துருவல்?" என்று கேட்டேன்.

"சும்மா விடுப்புக் கேக்கேல்லை அக்கா. எல்லாரும் அள்ளிக்கொண்டு போனா பிறகு வாற ஆக்களுக்கு மிஞ்சாது. தேவையைக் காட்டினாத்தான் தருவினம்."

இது எனக்குப் பிடித்திருந்தது. எண்ணிப் பார்த்துக் கொடுக்கிற ஆட்கள்.

ஒவ்வொரு பகுதித் தலைவரும் தன்னிடம் எத்தனை என்று கடிதம் கொடுத்தார்கள். சேர் அவற்றைக் கூட்டிப் படிவத்தை அனுப்பினார். ஒன்பது நாளில் பதில் வந்தது. பகுதி பகுதியாக விவரம் தாருங்கள், இன்றைக்கு ஓடுகிற மெஷின் எத்தனை என்று சொல்லுங்கள், அந்தந்தப் பகுதியின் பொறுப்பாளர் உறுதி செய்ய வேண்டும், மூன்று கிழமைக்குள் பதில் இல்லாவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவோம். சேர் நின்றுகொண்டு எல்லாக் கடிதங்களையும் திரும்ப வாசித்தார். மூன்றாம் மாடிப் பேராசிரியரின் கடிதத்தில் முப்பது என்று இருந்த இடத்தில் புள்ளி வைத்தார்.

நாதன் என்னைப் படிக்கட்டில் மறித்தார்.

"அக்கா, சேர் மூண்டாம் மாடியைப் பற்றிக் கேப்பார். முப்பது எண்டு சொல்லுங்கோவன்."

"எட்டு மெஷினுக்குத்தான் தம்பி நான் உறை தைச்சேன்."

"மற்றது உள்ளறையில பெட்டியோட கிடக்குதுதானே. பெட்டிக்குள்ள கிடந்தாலும் மெஷின் மெஷின்தான்."

"பெட்டிக்குள்ள இருக்கிறத நான் பார்க்கலையே. பார்க்காதத எப்புடி எண்ணுறது?"

"நல்ல காலம், அந்த நம்பர் ஒபிஸில நீங்கள் இல்லை. ஒரு நாட்டுக்கும் ஒண்டும் கிடைச்சிராது" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, "மாசம் முடியப் போகுது அக்கா" என்றார்.

அந்தப் பேராசிரியரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப் பூட்டிய அறைகள் எத்தனையோ இருந்தன. அரசாங்க இடத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பொருள் பட்டியல் உண்டு, கதவுக்குப் பின்னால் தொங்கும். மேசை இத்தனை, கதிரை இத்தனை, மின்விசிறி இத்தனை. யார் கையெழுத்துப் போட்டாரோ, ஒன்று தொலைந்தால் அவர்தான் பொறுப்பு. பென்ஷன் வரை தொங்கும். முப்பது மெஷின் வெளிநாட்டு உதவியாக வந்தபோது அவர் கையெழுத்துப் போட்டார். எட்டை வெளியே வைத்தார். இருபத்திரண்டைப் பெட்டி பிரிக்காமல் உள்ளறையில் வைத்துப் பூட்டினார். இரண்டு வருஷமாகச் சாவி அவர் காற்சட்டைப் பையில் இருந்தது. தொலைந்து போகாமல் பார்த்துக்கொள்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாதுதான்.

சேர் அவரைக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார்.

"பாக்கியம் அக்கா, மூணாம் மாடியில எத்தனை உறை?"

"எட்டு, சேர்."

பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. "உறை தைக்கிற பொம்பளைகிட்டயா என் டிபார்ட்மென்ட் கணக்கைக் கேட்கிறீங்க?"

"இவ சொன்ன எண்ணிக்கை இதுவரைக்கும் ஒண்ணு கூடப் பிசகினதில்ல. உங்களையும் என்னையும் பத்தி அப்படிச் சொல்ல முடியாது" என்றார் சேர். குரல் உயரவே இல்லை. "முப்பதுன்னு நான் கையெழுத்து வச்சு அனுப்பிட்டேன். ஒண்ணு, நான் எட்டுன்னு திருத்தி எழுதணும். இல்லாட்டி நீங்க அறையைத் திறக்கணும். பிள்ளைங்க தொட்டுப் பார்க்கட்டுமே."

"தொலைஞ்சா?"

"பட்டியலை என் பேருக்கு மாத்துங்க."

பேராசிரியர் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் விரல் அதன் மேலேயே இருந்தது.

பட்டியலை ஒரு பேரிலிருந்து இன்னொரு பேருக்கு மாற்றுவது சின்ன வேலை இல்லை. மூன்று பேர் கொண்ட குழு உட்கார வேண்டும். பெட்டியைப் பிரித்து, முதுகில் ஒட்டியிருக்கிற இலக்கத்தை ஒருத்தர் சத்தமாக வாசிக்க, இன்னொருத்தர் புத்தகத்தில் தேட, மூன்றாமவர் கையெழுத்து வைக்க வேண்டும். குழுவில் ஒருவர் பின்னேரத்தில் மட்டும்தான் வருவார். ஆறு நாள் போனது. இலக்கத்தை வாசித்தது நான். ஆங்கில எழுத்து எனக்கு வராது, இலக்கம் வரும். களஞ்சியத்துக் கிளார்க் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாக்கியத்துக்கு எஞ்சினியர் வேலை கிடைச்சிட்டுது போல" என்றான். "ஆமா, அடுத்த கிழமை உங்க அலுமாரியைத்தான் எண்ண வர்றேன்" என்றேன். அதற்குப் பிறகு அவன் மூன்றாம் மாடிக்கு வரவில்லை.

உறைத் துணி முடிந்துபோனது. விருந்தினர் அறைக்கு வாங்கி மிஞ்சியிருந்த திரைச்சீலைத் துணியில் தைத்தேன். மண்ணிறத்தில் பெரிய பெரிய பூ. நாதன் பார்த்துவிட்டு, "பேராசிரியற்ற பகுதியில கலியாணம் போல கிடக்கு" என்றார்.

கண்டி ஈரம் பெட்டிக்குள்ளும் போகும். இருபத்திரண்டில் பத்தொன்பது ஓடின. ஒன்று அசையவே இல்லை. ஒன்றில் புகை வாசம் வந்தது, நாதன் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். ஒன்றைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை. ஆக வெளியே இருந்த எட்டும் இந்தப் பத்தொன்பதும், இருபத்தேழு.

அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை மாசக் கடைசி. பேராசிரியரின் உறுதிக் கடிதம் முப்பது என்று ஏற்கனவே தட்டி, அவர் கையெழுத்தும் வைத்து, சேரின் மேசையில் இருந்தது. மத்தியானத்துக்கு முன் அதை அனுப்பினால் திங்கட்கிழமைக்குள் பதில் வரலாம் என்று நாதன் கணக்குப் போட்டிருந்தார்.

சேர் கதிரைக்குப் பின்னால் நின்று அந்தத் தாளைக் கையில் எடுத்தார். "இப்ப எத்தனை ஓடுது?" என்று என்னிடம் கேட்டார். நாதனிடம் கேட்டிருக்கலாம். என்னிடம்தான் கேட்டார்.

நாதன் பக்கத்தில் நின்றார். காலையில் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "மூண்டையும் ஒரு கிழமையில திருத்திப் போடுவன் அக்கா." இப்போது என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார்.

"இருபத்தேழு, சேர்" என்றேன்.

சேர் தாளைக் கீழே வைத்தார். முப்பது இருந்த இடத்தில் புள்ளி வைத்தார். இன்னொருத்தர் கையெழுத்துக்கு மேலே அவர் திருத்த மாட்டார், அது அவர் வழக்கம். இருபத்தேழு என்று புதிதாகத் தட்டிய தாளைத் தூக்கிக்கொண்டு நான் மூன்றாம் மாடிக்கு ஓடினேன். பேராசிரியரின் வாகனம் பத்து நிமிஷத்துக்கு முன்தான் கொழும்புக்குப் போயிருந்தது. திங்கட்கிழமை வருவார் என்றார்கள். கொழும்பில் எங்கோ குண்டு வெடித்து, வீதியெல்லாம் அடைத்துச் சோதித்து, அவர் புதன்கிழமைதான் வந்தார்.

சேர் திங்கட்கிழமை தன் பேரில் ஒரு கடிதம் எழுதி நாதன் கையில் கொடுத்தார். பதிவாளர் கந்தோரில் சீல் வைக்க மறுத்துவிட்டார்கள். நம்பர் வரட்டும் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நாதன் இருந்த போர்டிங்கைப் பொலிஸார் சுற்றிவளைத்தார்கள். பழைய கடிதத்தில் திகதி முதல்நாளோடு முடிந்திருந்தது. கொண்டுபோய்விட்டார்கள்.

போர்டிங்கார அம்மா காலையில் கம்பஸுக்கு வந்து வாசலில் நின்று சொன்னார். சேர் தன் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு பொலிஸுக்குப் போனார். ஏன் என்னை ஏற்றினார் என்று எனக்குத் தெரியாது. பொறுப்பதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். சேருக்குக் கதிரை போட்டார். சேர் உட்காரவில்லை. அதிகாரி கடிதத்தை வாசித்துவிட்டு, "சீல் எங்க, டொக்டர்?" என்றார். சேர் கடிதத்தைத் திருப்பி வாங்கி மடித்தார்.

அங்கிருந்த சார்ஜன்ட் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"நீ யாரு? அவனுக்குச் சொந்தமா?"

"இல்ல மாத்தயா. ஒரே இடத்துல வேலை."

"என்ன வேலை?"

"உறை தைக்கிறேன்."

அட்டையை என் கையில் தராமல் மேசையில் வைத்தார். எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பேராசிரியர் வந்து இறங்கியதும் வாகனத்துக் கதவிலேயே தாளை நீட்டினேன். வாசித்தார். "இருபத்தேழா?" என்றார். பிறகு, "அந்தப் பையனை விட்டுட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வாகனத்தின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். அன்று பின்னேரம் கொழும்புக்கு டெலிபோன் எடுத்தது சேர். அந்த வேலை அவருக்குப் பழக்கம் இல்லை. நாதனின் கொப்பியைத் திறந்து வைத்து வரிவரியாகப் பார்த்துச் செய்தார். மூன்று தடவை அறுந்தது. நாலாவது தடவை போனது.

வியாழக்கிழமை காலையில் பதில் வந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் விவரம் சரியாக இருந்ததால் மேலே கேள்வி இல்லை, நம்பர் கட்டு ஒன்று தந்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். சேர் அந்தத் தாளில் புள்ளி வைக்கவில்லை. நேராகப் பதிவாளர் கந்தோருக்கு நடந்தார். சீல் வைத்த கடிதத்தோடு நாங்கள் பொலிஸுக்குப் போனபோது பின்னேரம் நாலரை. ஐந்து மணிக்கு நாதனை விட்டார்கள். செருப்பு இல்லாமல் வந்தார்.

வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்தார். மூன்றாம் மாடியில்தான் தொடங்கினோம். பூப்போட்ட உறையைக் கழற்றுவேன், தாளைப் பார்த்து நம்பரை வாசிப்பேன், அவர் மெஷினில் தட்டுவார், பிறகு அதே நம்பரைச் சின்னத் துண்டில் எழுதி மெஷினின் நெற்றியில் ஒட்டுவேன். ஏழெட்டு மெஷின் அப்படிப் போனது.

"சாப்பாடு குடுத்தாங்களா, தம்பி?"

"பாண் தந்தவை."

"அடிச்சாங்களா?"

அவர் அடுத்த மெஷினுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். நான் நம்பரை வாசித்தேன். தட்டி முடித்துவிட்டுச் சொன்னார்.

"அங்கையும் எண்ணினவை அக்கா. மணித்தியாலத்துக்கு ஒருக்கா. வரிசையா நிக்க விட்டு."

"எத்தனை பேரு?" என்று என் வாய் கேட்டுவிட்டது. பழக்கம்.

கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"பதினாலு. கணக்கு ஒருக்காலும் பிழைக்கேல்லை" என்றார். "அடுத்த நம்பரைச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நான் பிழையாகச் சொன்னேன் என்று ஆகிவிடும். நான் பிழையாகச் சொல்லவில்லை. அவர் உள்ளே இருந்த மூன்று நாளும் அந்த மூன்று மெஷினால் போனது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரே இடத்தில் வேலை செய்தோம். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பிறகு அவர் வெளிநாடு போனார். போகும்போது டெலிபோன் எடுக்கிற கொப்பியைச் சேரிடமும், ஒரு சேலையை என்னிடமும் கொடுத்துவிட்டுப் போனார்.

நம்பர் போட்ட மறு கிழமையே அந்த மூன்று மெஷினையும் திறந்து உட்கார்ந்தார். அசையாததை அசைய வைத்தார். புகைந்ததற்கு, கழித்துப் போட்ட பழைய மெஷின் ஒன்றிலிருந்து உறுப்பு எடுத்து மாற்றினார். பல்லி முட்டை இருந்ததைத் தூரிகையால் துடைத்துத் துடைத்து ஓட வைத்தார். சொன்னபடி ஒரு கிழமை. அந்தப் பின்னேரம் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு நான் மூன்றாம் மாடிக்கு ஏறி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முப்பதும் ஓடியது. அன்றைக்கு யாரும் என்னிடம் எத்தனை என்று கேட்கவில்லை.